பொட்டும் பட்டாவும்

பகுள பஞ்சமியன்று காலையில் திருவையாற்றுக் காவிரிக் கரையில் ஆண்களும் பெண்களுமாக நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்குரல் கேட்பது இன்று யாருக்கும் வியப்பில்லை. தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. பாட வந்தவர்களில் பலர் அதைக் கும்பிட்டுவிட்டு நகர்வார்கள். அவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

கேட்பாரற்றுக் கிடந்த சமாதி இருந்த நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பி, 1920களின் நடுப்பகுதியில் குடமுழுக்குச் செய்வித்தவர் அவர். செலவழித்தது தன் பாட்டால் சம்பாதித்த பணத்தை. சென்னையில் வருமான வரி கட்டுமளவுக்கு அவருக்கு வரும்படி இருந்தது. ஆனால் தியாகராஜர் ஆராதனையை நடத்திய பெரிய கட்சி, சின்ன கட்சி என்ற இரண்டு ஆண் அணிகளும் அவர் கட்டிய கோயிலில் அவரையே பாட விடவில்லை. 1927இல் அவர் பெண்களைத் திரட்டி மூன்றாவது அணியாகத் தனி ஆராதனை நடத்தினார். ஊர் அதைப் பெண்கள் கட்சி என்றது. மூன்று அணிகளும் ஒன்றாக 1940களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1927ஆம் ஆண்டு நவம்பரில், சென்னை சட்ட மேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடும் வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்த வேண்டும் என்றது அது. அதை எதிர்த்து அரசுக்கு மனு கொடுத்த சென்னை மாகாண தேவதாசிகள் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் நாகரத்தினம்மாள்.

தமிழ்நாட்டுப் பெண்விடுதலை வரலாற்றை நாம் வழக்கமாகச் சொல்லும் விதத்தில் இந்த இரண்டு காட்சிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. திருவையாற்றில் முன்னோடியாக நின்றவர் சென்னையில் பிற்போக்காளராக நின்றார் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நூறாண்டு ஆகப்போகும் இவ்வேளையில் அந்த எளிய தீர்ப்பை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மதத்தின் பெயராலும் அரசியலின் பெயராலும் பெண்ணின் விருப்பம் பற்றி இன்று நாம் நடத்தும் சண்டைகள் பெரும்பாலும் அன்று நடந்ததன் தொடர்ச்சிதான்.

இரு பெண்களும் வெவ்வேறு உலகங்களிலிருந்து வந்தவர்கள் அல்லர். முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் பொட்டுக்கட்டும் மரபுள்ள குலத்தவர். தாய்வழிச் சொந்தத்தில் பெண்களுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர் முத்துலட்சுமி. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்ற உறுதியை வாங்கிக்கொண்டே 1914இல் மணம் செய்துகொண்டார். அவர் மேலவைக்கு வந்தபோது சென்னை மாகாணப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவையின் துணைத் தலைவராக அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாகரத்தினம்மாளோ மைசூர்ப் பக்கத்து நஞ்சன்கூட்டில் 1878இல் ஒரு தாசி குலத் தாய்க்குப் பிறந்து, சங்கீதமும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்று, சென்னையில் வீடு வாங்கி நிலைத்தவர். ஒரே வேரிலிருந்து கிளைத்த இருவர் எதிரெதிராக நின்றதற்குக் கொள்கை மட்டும் காரணமில்லை. அந்த வழக்கத்துக்குள்ளேயே முரண்பட்ட இரண்டு உண்மைகள் இருந்தன.

அதைப் புரிந்துகொள்ளத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவருக்குப் போக வேண்டும். முதலாம் இராசராசன் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பெண்களை, கொண்டுவந்து குடியேற்றியதை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தளிச்சேரியில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை பதிவு இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற விதியும் அதே கல்லில் இருக்கிறது.

முடிச்சு இந்த விதியில்தான் விழுகிறது. நெல்லும் நிலமும் பெண்ணின் பெயரில் இருந்தன. ஆனால் வேலை தொடரும் வரைதான் இருந்தன. சோழர் காலத்துக் கோயில் பெண்களில் பலர் கல்வெட்டுகளில் கொடையாளர்களாகவே தென்படுகிறார்கள் என்றும், பின்வந்த நூற்றாண்டுகளிலேயே அவர்கள் நிலை பரம்பரைத் தொழிலாக இறுகியது என்றும் ஆய்வாளர் லெஸ்லி ஓர் காட்டியிருக்கிறார். இறுகிய பிறகு கணக்கு எளிது. மானிய நிலம் குடும்பத்தில் தங்க வேண்டுமானால் தலைமுறைக்கு ஒரு பெண்ணாவது கோயிலில் ஊழியம் செய்ய வேண்டும். மகள் இல்லாவிட்டால் தத்தெடுக்க வேண்டும். ஏழெட்டு வயதில் பொட்டுக்கட்ட வேண்டும். சிறுமியின் கழுத்தில் ஏறிய பொட்டைப் பின்னாலிருந்து பிடித்திழுத்தது நிலம்.

மறுபக்கம் இதே ஏற்பாடு அந்தப் பெண்களுக்கு மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத சிலவற்றைக் கொடுத்தது. தாயிடமிருந்து மகளுக்குச் சொத்து போயிற்று. பெண் தன் பெயரில் தத்தெடுக்கலாம். எழுதப் படிக்கலாம், சபையில் பாடலாம், வீட்டுக்குத் தலைமை தாங்கலாம். அவள் நித்திய சுமங்கலி என்பதால் கைம்பெண் கோலம் இல்லை. அதே காலத்தில் மேல்சாதி வீடுகளில் பத்து வயதுக் கைம்பெண்கள் மொட்டையடிக்கப்பட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வரையறுக்கப்பட்ட பங்கு 1937இல்தான் வந்தது. மகளுக்கு வாரிசுரிமை 1956இல் வந்தது. பரம்பரைச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்தது. நாகரத்தினம்மாள் தன் சொத்தைத் தியாகராஜர் சமாதிக்கு எழுதிவைத்தார் என்றால், எழுதிவைக்க அவருக்குச் சொந்தமாகச் சொத்து இருந்தது என்று பொருள்.

அவர் அஞ்சியது இதை இழப்பதைத்தான். சங்கத்தின் மனு, தேவதாசி என்ற சொல்லையும் விபசாரி என்ற சொல்லையும் ஒன்றாக்காதீர்கள் என்றது. கோயில் பணிக்கென்று வாழ்பவர்கள் நாங்கள், எங்கள் சொத்துக்கும் தத்துக்கும் மரபு உண்டு என்றது. எங்களுக்குக் கல்வி கொடுங்கள், சமயமும் இலக்கியமும் கலையும் கற்பியுங்கள் என்றும் கேட்டது. அவருக்கு இந்தச் சண்டை புதிதுமல்ல. தஞ்சை மராத்திய அரசவையிலிருந்த முத்துப்பழனி என்ற கணிகை 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் அவர் முழுமையாகப் பதிப்பித்தார். சமூக சீர்திருத்தத்தின் முகமாக இருந்த வீரேசலிங்கம் பந்துலு, பெண்ணொருத்தி இப்படி எழுதலாமா என்று அந்தக் கவிஞரைப் பழித்தவர். அரசு புத்தகத்துக்குத் தடை போட்டது. தடை நீங்கியது 1947இல். பெண்ணைக் காப்பாற்ற வருகிறோம் என்பவர்கள் அவள் வாயை முதலில் பொத்துவார்கள் என்பது நாகரத்தினம்மாளுக்குச் சொந்த அனுபவம்.

ஆனால் முத்துலட்சுமி சொன்னதற்கு இந்த வாதங்களில் பதில் இல்லை. நாகரத்தினம்மாள் பேசியது வளர்ந்த, சம்பாதிக்கிற, புகழ்பெற்ற பெண்ணின் உரிமையை. பொட்டுக்கட்டும் நாளில் சன்னதியில் நிற்பது ஒரு குழந்தை. அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கலையில் உயர்ந்த ஒருத்திக்குப் பின்னால் குரலும் வாய்க்காமல், மானியமும் இல்லாமல், மிராசுதாரின் தயவில் வாழ்ந்து நோயில் முடிந்த பலர் இருந்தார்கள். மருத்துவரான முத்துலட்சுமி அவர்களைப் பார்த்திருந்தார். இதே குலத்தில் வளர்ந்து, வெளியேறி, சுயமரியாதை இயக்கத்தில் பேச்சாளராக ஊர் ஊராகச் சென்ற மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். வலை என்று பெயர் வைத்தவர் வலைக்குள் இருந்தவர். தேவதாசியைச் சுதந்திரப் பெண்ணின் முன்மாதிரியாக வரைந்து காட்டும் இக்கால எழுத்துகள் சில உண்டு. ராமாமிர்தம் அம்மையார் அவற்றைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

மேலவையில் எதிர்த்தவர்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். மதம் போகும், கலை போகும் என்றார்கள். எஸ். சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்களும் அந்தப் பக்கம் இருந்தார்கள். ‘இவ்வளவு புனிதமென்றால் இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்’ என்று முத்துலட்சுமி திருப்பியடித்ததாக ஒரு கதையை இன்றும் மேடைகளில் கைதட்டலுக்கு நடுவே கேட்கலாம். அந்தக் கைதட்டலைக் கொஞ்சம் கவனித்தால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தப் பதிலடி வலிப்பதற்குக் காரணம் ‘வீட்டுப் பெண்’ணின் மானம். யாரைப் பற்றிய விவாதமோ அவள் அந்த வாக்கியத்தில் இல்லை.

முத்துலட்சுமியின் மேதமை பதிலடிகளில் இல்லை, 1929இல் அவர் கொண்டுவந்த திருத்தத்தில் இருந்தது. இந்து சமய அறநிலையச் சட்டத்தில் செய்த அந்தத் திருத்தம், கோயில் ஊழியத்தையும் மானிய நிலத்தையும் பிரித்துவிட்டது. ஊழியம் செய்ய வேண்டியதில்லை, நிலம் உன்னுடையது, கோயிலுக்கு ஒரு தீர்வை கட்டினால் போதும். தஞ்சைச் சுவரில் கண்ட முடிச்சை அவர் சரியான இடத்தில் அவிழ்த்தார். யாரையும் ஒழுக்கங்கெட்டவள் என்று சொல்லாமல், யாரையும் சிறையில் போடாமல், மகளைக் கோயிலுக்கு விட வேண்டிய கட்டாயத்தை மட்டும் அகற்றினார். பெண்ணுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன் பட்டா கொடுக்க வேண்டும் என்று புரிந்த சட்டம் அது. அதே 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பது விளங்கும்.

அடுத்த ஆண்டு நடந்ததை இந்தக் கதையின் மையம் என்பேன். பொட்டுக்கட்டிலிருந்து தப்பிய மூன்று சிறுமிகள் முத்துலட்சுமியைத் தேடி வந்தார்கள். படிக்க வேண்டும், தங்க இடம் வேண்டும். சென்னையின் பெண்கள் விடுதிகளில் சேர்க்கப் பார்த்தார். பிராமண விடுதி மறுத்தது, பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. தாசி குலப் பெண்களோடு தங்கள் பெண்களைத் தங்கவைக்க யாரும் தயாராக இல்லை. வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் ஊருக்குக் கருத்தொற்றுமை வந்துவிட்டது. ஒழித்தபின் அந்தப் பெண் எங்கே தூங்குவாள் என்ற கேள்விக்கு ஊரிடம் பதிலில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் முத்துலட்சுமியின் அவ்வை இல்லம் பிறந்தது.

பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேற 1947 வரை ஆயிற்று. காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் முத்துலட்சுமி பதவி விலகியதும் அவர் கொண்டுவந்த மசோதா கிடப்பில் போயிற்று. இறுதியில் வந்த சட்டம், பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கியது. பொட்டுக்கட்டப்பட்டவள் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்றது. அதோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலும் சுவாமி புறப்பாட்டிலும் பெண் ஆடுவதையே சட்டவிரோதமாக்கியது. 1929இன் சட்டம் பெண்ணின் கையில் ஒன்றைக் கொடுத்தது. 1947இன் சட்டம் அவள் காலிலிருந்து ஒன்றை எடுத்தது. குழந்தையைக் காப்பதற்குத் தடை தேவைப்பட்டது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஐம்பது வயது ஆடல்காரி கும்ப ஆரத்தி எடுப்பதைத் தடுத்ததால் எந்தக் குழந்தை காப்பாற்றப்பட்டது?

இடைப்பட்ட ஆண்டுகளில், இந்தப் பெண்கள் ஆடிவந்த சதிராட்டம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரா தோன்றியது. ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரசுவதி தன் மரபை விடாமல் ஆடி 1973இல் சங்கீத கலாநிதி ஆனார். ஆனால் அவர் விதிவிலக்கு. அவர் வயதுப் பெண்கள் பலர் சலங்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பேரப்பிள்ளைகளிடம் தங்கள் இளமையைப் பற்றிப் பேசாமலே செத்துப்போனார்கள். சீர்திருத்தத்தால் நட்டுவனார்களும் நாகசுரக்காரர்களுமான அக்குலத்து ஆண்கள் அடைந்த நன்மை பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் அம்ரித் சீனிவாசன் 1985இல் எழுதினார். தாய்வழிச் சொத்து, பொதுச் சட்டத்துக்குள் வந்ததும் மகன்வழி போயிற்று. 1981இல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கியபோது கோயிலுக்குள் பெண்கள் மறுபடி ஆடினார்கள். ஆடியவர்கள் வேறு பெண்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் விராலிமலை முருகன் கோயிலில் சிறுவயதில் பொட்டுக்கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சதிர் மரபின் கடைசிக் கண்ணிகளில் ஒருவர். முத்துலட்சுமி பிறந்த சீமைதான் அது. பொட்டை ஒழித்த பெண்ணையும் பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணையும் ஒரே மண் பெற்றது, ஒரே நாடு கௌரவித்தது. இருவரையும் ஒரே வரலாற்றில் வைத்துச் சொல்ல மட்டும் நாம் இன்னும் பழகவில்லை.

இந்தப் பழக்கமின்மையின் விலையைப் பின்வந்த ஒவ்வொரு சர்ச்சையிலும் கொடுத்துவருகிறோம். 2018 செப்டம்பரில் சபரிமலைக் கோயிலுக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட அந்த ஒருவர் அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதி. தீர்ப்பை எதிர்த்துப் பெண்கள் தெருவில் நாமம் ஜபித்தார்கள். 2019 புத்தாண்டு நாளில் வேறு பெண்கள் கேரளத்தின் வடக்கிலிருந்து தெற்கு வரை மதிலாக நின்றார்கள். இரு பக்கமும் அரசியல் கட்சிகள் பெண்களைக் காட்டிப் பெண்களுக்காகப் பேசின. 2022இல் கர்நாடகத்தில் முக்காடு அணிந்த மாணவிகள் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டபோது, முக்காடு மதத்தின் இன்றியமையாத கூறா என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. வாசலில் நிற்பவள் தேர்வு எழுதுவாளா என்பது பின்வரிசைக் கேள்வியாயிற்று. ஈரானில் 1936இல் மன்னர் ரேசா ஷாவின் காவலர்கள் பெண்களின் முக்காட்டைத் தெருவில் பறித்தார்கள். பல பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தினார்கள். 1979க்குப் பின் வந்த அரசு அதே தலையில் முக்காட்டைக் கட்டாயமாக ஏற்றியது. 2022இல் அதற்கு எதிராக எழுந்த பெண்களின் பாட்டிகளில் சிலர் முந்தைய கட்டாயத்தையும் அறிந்தவர்கள்.

இவற்றில் எது முற்போக்கு, எது பிற்போக்கு என்று கோடு போடுவது கட்டுரை எழுதுபவர்களுக்கு எளிய வேலை. எனக்கு அந்தக் கோட்டைவிடப் பயன்படும் அளவுகோல் 1930இல் கிடைத்ததாகத் தோன்றுகிறது. ஒரு வாசலை அடைக்கிறவரிடமோ திறக்கிறவரிடமோ நாம் கேட்க வேண்டியது: அந்தப் பெண் இன்றிரவு எங்கே தங்குவாள், நாளை எதைக் கொண்டு சாப்பிடுவாள், எந்தப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ளும்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் மட்டுமே அவளுடைய விருப்பத்தைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர். மதத் தலைவருக்கும் இது பொருந்தும், கட்சிக்காரருக்கும் பொருந்தும், பெண்ணியவாதிகளான நமக்கும் பொருந்தும். குழந்தையின் சார்பில் சட்டம் பேசலாம், பேசியே ஆக வேண்டும். வளர்ந்த பெண்ணின் சார்பில் பேசும்முன் அவள் கொடுத்த மனுவைப் படிக்க வேண்டும்.

படித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். எதிரெதிராக நின்ற முத்துலட்சுமியும் நாகரத்தினம்மாளும் ஒன்றை மட்டும் பொதுவாகக் கேட்டார்கள்: எங்கள் பெண்களுக்குப் படிப்பு. தடையைச் சட்டமாக்கிய அரசு, படிப்பை ஒரு தனிப்பெண் நடத்திய இல்லத்தின் தலையில் விட்டது. சட்டம் தன் பங்குக்குக் காட்டிய மாற்றுவழி திருமணம். 1989இல் ஏழைப் பெண்களுக்கான உதவித் திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வைத்தபோதும் அது திருமண உதவியாகவே இருந்தது. கிழவர் ஒருவருக்குத் தன்னைக் கட்டிவைக்கப் பார்த்ததை மறுத்து வெளியேறியவர் பெயரில் அது. 2022இல்தான் அந்தப் பணம் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் ஆயிற்று.

அவ்வை இல்லத்துக்கும் இந்த ஆயிரம் ரூபாய்க்கும் நடுவே 92 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தப் பணம் இப்போது மாணவியின் வங்கிக் கணக்கிலேயே, அவள் பெயரிலேயே விழுகிறது. எந்தக் கோயிலுக்கும் எந்தக் கணவனுக்கும் அவள் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.